வயல்ல கிடச்ச 43 கோலிக்காய்

நாங்க கோலிக்காய்னு சொல்லுததை உங்க ஊர்ல கோலிக்குண்டும்பீங்க, பளிங்கும்பீங்க. பேரு எதுவா இருந்தாலும் இப்ப அதுக்கு ஒரு யாவாரம் நடக்குது. சென்னையில இருக்கிற எங்க மச்சினர் போன வருசம் இணையத்துல ஒரே ஒரு கோலியை 4,000 ரூபாய் குடுத்து வாங்கியிருக்கார். "கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துது, 200 வருசப் பழசு"ன்னு விக்கிறவன் எழுதியிருந்தானாம். பொங்கலுக்கு வந்தப்போ என் கையில குடுத்தார். வெளிச்சத்துல ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "மாப்ள, 200 வருசத்துக்கு முன்னால இதைச் செய்ய உலகத்துலயே மிசின் கிடையாது"ன்னு சொன்னேன்.

அது எப்படித் தெரியும்னு அவர் கேட்டதுக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு. எங்கிட்டயும் 43 கோலி இருக்கு. ஒண்ணுகூட காசு குடுத்து வாங்குனதில்ல. எல்லாம் வயல்ல கிடச்சது.

முதல்ல கையால செஞ்ச கோலி. ஜெர்மனியில துரிங்கியா மலைப்பக்கம் லவுஷான்னு ஒரு ஊர். பரம்பரையாக் கண்ணாடி ஊதுறவங்க ஊரு. 1840-கள்ல அங்க ஒரு கத்தரி கண்டுபிடிச்சாங்க. ஒரு முனையில சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். பல நிறக் கண்ணாடி இழையைச் சேத்து முறுக்குன கம்பியைச் சூட்டுல இளக்கி, அந்தக் கிண்ணத்துல வச்சு உருட்டி வெட்டிப் போடுவாங்க. வெட்டுன இடத்துல ஒரு தழும்பு நிக்கும். நம்ம தொப்புள் மாதிரின்னு வச்சுக்கோங்க. தேய்ச்சு மழமழப்பாக்கினாலும் விரல்ல தடவினா பெரும்பாலும் தெரிஞ்சிரும். ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ அந்தத் தொப்புள் இருந்தா கை வேலை. இல்லாட்டி மிசின் வேலையான்னு பாக்கணும்.

மிசின் வந்தது அமெரிக்காவுல. ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரத்துல மார்ட்டின் கிறிஸ்டென்சன்னு ஒருத்தர், குண்டு வடிவப் பொருள் செய்யிற எந்திரத்துக்கு 1905-ல் காப்புரிமை வாங்கினார். உருகுன கண்ணாடியை ஒருத்தர் கம்பியில எடுத்து ஒழுக விடுவார். அதைத் துண்டு துண்டா வெட்டினா, பள்ளம் வெட்டுன சக்கரங்களுக்கு நடுவுல விழுந்து உருண்டு உருண்டு கோலியா வரும். எடுக்கிறது கை, உருட்டுறது மிசின். அதனால அந்தக் காலத்துக் கோலியில ஒரு அடையாளம் உண்டு. ஒரு முனையில நிறம் 9 மாதிரி சுழிச்சு நிக்கும், மறுமுனையில வால் மாதிரி இழுத்திருக்கும்.

பெறகு 1914-ல் முதல் உலகப்போர். ஜெர்மன் கோலி வர்றது நின்னு போச்சு. அந்த இடத்தை அமெரிக்கக் கம்பெனிகள் புடிச்சிக்கிட்டாங்க. ஆக்ரோ அகேட்னு ஒரு கம்பெனி மேற்கு வர்ஜீனியாவுல கிளார்க்ஸ்பர்க்குல ஆலை வச்சது. திருகாணி மாதிரி நிறம் சுத்திச் சுத்திப் போற கோலி அவங்க கைவரிசை. அந்தக் கம்பெனியை 1951-ல் மூடிட்டாங்க. அதுக்கு முக்கியமான ஒரு காரணம் ஜப்பான். 1950 வாக்குல ஜப்பான்காரங்க தெளிஞ்ச கண்ணாடிக்குள்ள வாழையிலைத் துண்டு மாதிரி நிறப்பட்டை வச்ச கோலியைக் கொறஞ்ச விலைக்கு அனுப்பி அமெரிக்கச் சந்தையை நெறச்சாங்க. பூனைக்கண்ணுன்னு அதுக்குப் பேரு. நீங்களும் நானும் ஆடுனது பெரும்பாலும் அந்தச் சாதிக் கோலிதான்.

மச்சினர் வாங்குனதும் பூனைக்கண்ணு. அப்ப அதுக்கு வயசு எவ்வளவு மிஞ்சுனாலும் 75-ஐச் சுத்தித்தான். போன மாசம் செஞ்சதாக்கூட இருக்கலாம், இன்னமும் செஞ்சிக்கிட்டுத்தான் இருக்காங்க.

இனி என் வயலுக்கு வாறேன். சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கார், பிசானம்னு ரெண்டு பூ நெல்லு. வயலுக்குள்ள கோலி எப்படி வந்துச்சுன்னு டவுன்காரங்க கேக்கலாம். ரெண்டு வழி. பிசானம் அறுத்த பெறகு கோடையில தரிசாக் கெடக்கிற வயல்தான் பிள்ளைகளுக்கு மைதானம். மூணு குழி தோண்டி ஆடுவோம். இன்னொரு வழி குப்பை. வீட்டைப் பெருக்கிக் குப்பைக்குழியில போட்டது, சாணியோட மக்கி, வண்டியில ஏறி வயலுக்கு வந்துரும். அரிவாமனைத் துண்டு, வளையல் துண்டு, கோலிக்காய் எல்லாம் அப்படி வந்ததுதான். தொழி அடிச்சு மழை பெஞ்சா மேல தெரியும்.

இருபது வருசமாப் பொறுக்குனதைப் பிரிச்சு வச்சேன். பூனைக்கண்ணு 17. பால் மாதிரி ஒளி போகாத கண்ணாடியில நிறம் சுழிச்சது 5. சுட்ட மண் உருண்டை 2. பாக்கி 19-ம் ஒரே மாதிரி, உள்ள ஒண்ணும் இல்லாத வெளிர்பச்சை.

மண் உருண்டை ரெண்டுக்கும் வயசு சொல்ல வழியில்ல. கீழடியில சுடுமண் வட்டச் சில்லு நூத்துக்கணக்குல கிடச்சிருக்கு. மண்ணைச் சுட்டு விளையாட்டுச் சாமான் செய்யிறது அவ்வளவு பழைய பழக்கம். ஆனா எங்க பாட்டியும் அடுப்புல சுட்டுக் குடுத்திருக்கா. ரெண்டையும் பக்கத்துல வச்சா வித்தியாசம் தெரியாது. கூடவே என்ன கிடச்சதுங்கிறதை வச்சுத்தான் மண்ணுக்கு வயசு பாக்கணும். உழுத வயல்ல எல்லாம் கலந்து கெடக்கும்.

வெளிர்பச்சைதான் எனக்கு முக்கியம். அது விளையாடச் செஞ்ச கோலியே இல்ல. சோடா பாட்டிலுக்குள்ள இருந்தது.

அந்தப் பாட்டிலைக் கண்டுபிடிச்சவர் ஹைரம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர். 1872-ல் காப்புரிமை. பாட்டில் கழுத்து சூடா இருக்கும்போதே கோலியை உள்ள போட்டு, பெறகு வாயைச் சுருக்கிருவாங்க. வாய்க்குள்ள ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக் கவுத்தி வாயு ஏத்தினா, அந்த அழுத்தத்துல கோலி போய் ரப்பர்ல ஒட்டிக்கும். கார்க் வேண்டாம், மூடி வேண்டாம். குடிக்கும்போது கோலி திரும்ப வந்து அடைக்காம இருக்கக் கழுத்துல ரெண்டு குழி. இங்கிலாந்துல பிள்ளைகள் கோலிக்காகவே பாட்டிலை ஒடச்சதால, அங்க முழுப் பாட்டில் கிடைக்கிறது அரிதாப் போச்சு. ஜப்பான்ல ராமுனேங்கிற பானம் இன்னும் கோலி பாட்டில்லதான் வருது. நம்ம பக்கம் விருதுநகர்ல பழனியப்ப நாடார் 1916-ல் காளிமார்க்கைத் தொடங்கினார். அது பெரிய கம்பெனி ஆச்சு. ஆனா ஊருக்கு ஊரு பேரில்லாத ஒரு சோடாக் கம்பெனியும் இருந்துச்சு. ஒரு மிசின், ஒரு வாயு உருளை, ரெண்டு ஆள்.

அந்தக் கோலி பச்சையா இருக்கக் காரணம் மணல்ல இருக்கிற இரும்பு. நிறம் எடுக்கத் தனியாச் செலவு பண்ணாத கண்ணாடி அப்படித்தான் வரும். பாட்டிலுக்கும் அதே நிறம். ஆடுன கோலியா, பாட்டில் ஒடஞ்சதும் மண்ணுக்குப் போன கோலியான்னும் கண்டுபிடிக்கலாம். கோலியும் கோலியும் மோதினா மேல பிறைநிலா மாதிரி ஒரு வடு விழும். என் 19-ல் 11-ல் பிறை இருக்கு. எட்டுல ஒரு அடிகூட இல்ல.

19-ல் 15 ஒரே மூலையில கிடச்சது. ரோட்டோரத்து வயலோட மேக்கு மூலை. அங்க ஒரு காலத்துல சோடாக் கம்பெனி இருந்துச்சுன்னு அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். அதுல வேலை பாத்த அண்ணாச்சி ஒருத்தர் இன்னும் ஊர்ல இருக்கார். 82 வயசு. போன கார்த்திகையில 19 கோலியையும் ஒரு தட்டுல போட்டுக் கொண்டுபோய் அவர் முன்னால வச்சேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. விரலால தள்ளித் தள்ளிப் பாத்தார். பெறகு, "இதுல பாதி என் கூலி தம்பி"ன்னார்.

பன்னெண்டு வயசுல வேலைக்குப் போயிருக்கார். வாயு ஏத்தும்போது பாட்டிலை இரும்புக் கூண்டுக்குள்ள வச்சுச் சுத்தணும். கீறல் விழுந்த பாட்டில் வெடிக்கும். கூண்டைத் திறக்கும்போதும் வெடிக்கும். "மூஞ்சிக்குக் கம்பிவலை ஒண்ணு உண்டு. அதை மொதலாளி மாட்டுவாரு, நான் சாக்கைச் சுத்திக்கிடுவேன்." இடது கையைக் காட்டினார். கட்டை விரல்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு தழும்பு. வெடிச்ச பாட்டிலுக்குக் கூலியில புடிப்பாங்களாம். ஒரு பாட்டிலுக்கு ரெண்டு நாள் கூலி. கண்ணாடியைப் பெருக்கிப் பின்னால வயலோரம் கொட்டணும். கோலியைத் தெருப்பிள்ளைகள் வந்து பொறுக்கிக்கிட்டுப் போயிருங்களாம். கடையில கோலி வாங்கக் காசில்லாத பிள்ளைகள்.

அப்ப பிறை விழாத அந்த எட்டும், யார் கையிலயும் சிக்காம மண்ணுக்குள்ள போனது.

இன்னொண்ணும் சொன்னார். "காப்பிக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸ். கலருக்கும் சோடாவுக்கும் அது முடியாது பாத்துக்கோ. எல்லாப் பாட்டிலும் ஒரே தொட்டியில கழுவி வரும். இதுல யாரு குடிச்சான்னு எவன் கண்டுபிடிப்பான்?" சொல்லிட்டுச் சிரிச்சார். "அதுக்காவ எங்களை பெஞ்சுல உக்கார விட்டுருவாவளா? நின்னுக்கிட்டேதான் குடிக்கணும்."

அந்தக் கம்பெனி 1990-கள் கடைசியில மூடிருச்சு. பன்னாட்டுக் குளிர்பானம் 1993-ல் திரும்ப இந்தியாவுக்குள்ள வந்ததும், பிளாஸ்டிக் பாட்டில் வந்ததும், கழுவித் திருப்பி வாங்குற பாட்டிலுக்கு வேலை இல்லாமப் போச்சு. தாமிரபரணித் தண்ணியைக் கங்கைகொண்டான் சிப்காட்டுக்குக் குளிர்பானத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னு 2016 நவம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டதும், 2017 மார்ச்ல அந்த வழக்கு தள்ளுபடி ஆனதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இடையில 2014-ல் 'கோலி சோடா' படம் வந்துச்சு. இப்ப டவுன்ல கோலி சோடாவுக்கு மறுபடி மவுசு. நல்லதுதான்.

இப்ப மச்சினருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிருதேன். பழைய கோலின்னு காசு கேட்டா, மொதல்ல தொப்புள் தேடுங்க. தொப்புளும் இல்ல, 1905-க்கு முந்தினதுன்னும் சொன்னா, அவன்கிட்ட அச்சுல அமுக்கினதா, எந்திரத்துல உருட்டினதான்னு கேளுங்க. முழிப்பான். உள்ள இலை இருந்தா 1950-க்குப் பிந்தியது. மேல மங்கலா இருக்குன்னு மட்டும் வச்சுப் பழசுன்னு நம்பாதீங்க, புதுக் கோலியை ஆத்துமணல்ல போட்டுக் குலுக்கினாலும் மங்கும். ரூபாய் நோட்டு பாக்கிற ஊதா விளக்குல பச்சையாப் பளீர்னு ஜொலிச்சா அதுல யுரேனியம் சேந்த கண்ணாடி இருக்கலாம், ஆனா அதை மட்டும் வச்சு வயசு சொல்ல முடியாது. கிடச்சதை மினுக்க வைக்கிறேன்னு பாலிஷ் போடாதீங்க. போட்டா அடையாளமும் போயிரும், சேகரிக்கிறவங்ககிட்ட மதிப்பும் போயிரும்.

ஊர்ல வீடு இடிக்கும்போதோ, பரண் ஒதுக்கும்போதோ கோலி கிடச்சா, எங்க கிடச்சதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கூடவே போட்டு வைங்க. பழைய சாமான் யாவாரி ஒருத்தர் எங்கிட்ட வந்து பால்கண்ணாடி அஞ்சுக்கும் நல்ல விலை சொன்னார். பச்சை 19-ஐயும் "இதுக்கு ஒண்ணும் தேறாது, சும்மா போட்டுக் குடுங்க"ன்னார். அஞ்சை மட்டும் எடுத்துக்கிடச் சொன்னேன்.

பச்சைக் கோலியில அண்ணாச்சி ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டார். பிறை விழாத எட்டுல ஒண்ணு. மிச்சம் 18 எங்கிட்ட இருக்கு. அவர் சொன்னதைப் பூரா நோட்டுல எழுதி அதே டப்பாவுல வச்சிருக்கேன், வருசமும் கூலிக்கணக்கும் அவர் சொன்னபடியே.