தட்டை லென்ஸ்: பார்வையின் வரலாறும் அதிகாரமும்

லென்ஸின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது மேதைகளின் வரிசை. ஒருவர் கண்டுபிடித்தார், அடுத்தவர் மேம்படுத்தினார் என்று நேர்கோட்டில் போகும். தட்டை லென்ஸின் கதையைப் படித்தபோது இந்தக் கோடு பல இடங்களில் அறுந்து கிடப்பதைப் பார்த்தேன். அந்த அறுந்த இடங்களைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லென்ஸில் ஒளி வளைவது மேற்பரப்பில்தான். நடுவில் உப்பி நிற்கும் கண்ணாடி பெரும்பாலும் சுமை. இது 1748-இலேயே பிரான்சில் புஃபோனுக்குத் தெரிந்திருந்தது. எரிகண்ணாடிக்காக, நடுப்பாரத்தைப் படிப்படியாக வெட்டிக் குறைக்கலாம் என்று அவர் யோசனை சொன்னார். யோசனை தூங்கிப் போனது. அதை அறியாமலே அதே இடத்துக்கு வந்தவர் ஃபிரெனெல். அரசின் கலங்கரை விளக்க ஆணையம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1819-இல். 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அவருடைய வளைய லென்ஸ் ஒளிர்ந்தது. இடையில் 75 வருஷம். அறிவு காத்திருக்கவில்லை, கப்பல்களுக்கும் வணிகத்துக்கும் தேவைப்படும்வரை அது அறிவாகவே கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு அறுபட்ட இடம் கல்கத்தா. 1898-இல் ஜகதீஷ் சந்திர போஸ் முறுக்கிய சணல் கட்டுகளின் வழியே நுண்ணலைகளைச் செலுத்தினார். வலம் முறுக்கிய கட்டும் இடம் முறுக்கிய கட்டும் அலையின் அதிர்வுத்தளத்தை எதிரெதிர்த் திசைகளில் திருப்பின. வேலை செய்தது சணல் என்ற பொருள் அல்ல, அதன் முறுக்கு; அதாவது வடிவம். இவர்தான் வெள்ளைக்கார ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் தந்தார்கள் என்பதற்காக மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தியவர். நூறு வருஷம் கழித்து, மெட்டாமெட்டீரியல் என்ற துறை மேற்கில் உருவான பிறகுதான் அந்தச் சணல் கட்டு 'முன்னோடி' ஆனது. விளிம்பில் நடந்ததற்கு மையம் பின்தேதியிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறது.

2011-இல் ஹார்வர்டில் கபாசோவின் குழு, ஒளியின் போக்கை வெறும் பரப்பில் செதுக்கிய நுண் வடிவங்களாலேயே மாற்றலாம் என்று காட்டியது. 2016-இல் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கே அப்படி ஒரு லென்ஸ் வந்தது: 600 நானோமீட்டர் உயரத் தூண்கள், டைட்டானியம் டைஆக்சைடில். நம்ம வீட்டு வெள்ளைப் பெயின்டில் இருக்கிற அதே பொருள்தான். ஒவ்வொரு தூணும் தன்மேல் விழும் ஒளியைக் கொஞ்சம் தாமதிக்கச் செய்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு தாமதம் என்று கணக்குப் போட்டு நிறுத்தினால் ஒளி குவிகிறது.

2018-இல் அடுத்த படி. இத்தகைய பரப்பை இழுபடும் மெல்லிய படலத்தோடு ஒட்டினார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படலம் விரிகிறது, தூண்கள் விலகுகின்றன, குவியத் தூரம் மாறுகிறது. தசையும் லென்ஸும் சேர்ந்தே 30 மைக்ரான் தடிமன்தான். மனிதக் கண்ணைத்தான் முன்மாதிரியாகச் சொன்னார்கள். ஆனால் அது வேலை செய்தது 1550 நானோமீட்டர் அகச்சிவப்பில், நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில். பணம் கொடுத்தவர்களில் அமெரிக்க விமானப்படையின் ஆய்வு அலுவலகமும் உண்டு. இதை வெறும் சதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கலங்கரை விளக்கம் மீனவனுக்கும்தானே வழிகாட்டியது?

நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை விறைத்துப்போய் வெள்ளெழுத்து வருகிறது. குவியம் மாற்றத் தெரிந்த ஒரு படலம் அந்தக் கண்ணுக்கு வந்து சேருமா, அல்லது ஆளைத் தேடி இருட்டில் பறக்கும் கருவிக்கு முதலில் போகுமா என்பதைத் தூண்களின் உயரம் தீர்மானிக்கப் போவதில்லை. புஃபோனின் யோசனையையும் போஸின் சணலையும் காக்க வைத்தது எதுவோ, அதுதான் இதையும் தீர்மானிக்கும். நாம் பேச வேண்டியது அதோடுதான்.