கல்லும் பண்ணும் பங்கும்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்குரிய யாகசாலை அமைக்கும் பொருட்டு மண்ணைத் தோண்டியபோது, இருபதுக்கு மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், அவற்றோடு தேவாரப் பதிகங்கள் பொறிக்கப்பெற்ற நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. செப்பேடு என்றாலே அரசர்களின் வம்சாவளியையும், அவர்கள் பிராமணர்க்கும் கோயில்களுக்கும் மடங்களுக்கும் விட்ட நிலங்களின் நான்கெல்லையையும் கூறும் சாசனமே நம் நினைவுக்கு வருவது வழக்கம். இங்கோ செம்பில் ஏறியிருந்தவை பாட்டுக்கள். நாள்தோறும் சந்நிதியில் நின்று பாடுகிறவன் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய பாட்டை, ஓலையில் எழுதினாலே போதுமென்று எண்ணத்தக்க பாட்டை, அழியாத உலோகத்தில் வெட்டிவைக்கத் துணிந்த ஒரு ஸ்தாபனம், தன் லட்சியத்தைத் தன் ஊழியர்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ப்பிப்பதில் எத்துணைச் சிரத்தை கொண்டிருக்க வேண்டும்!

இந்நாளில் பெரிய தொழில் நிறுவனங்கள் தங்கள் கொள்கைகளைச் சில வாக்கியங்களாக வகுத்து வாயிற்சுவரில் தொங்கவிடுகின்றன. ஊழியர்களுக்கென்று தனிப் பத்திரிகை நடத்துகின்றன. ஆண்டுக்கொருமுறை எல்லோரையும் கூட்டி, ஸ்தாபகரின் வரலாற்றை எடுத்துரைத்து விழாக் கொண்டாடுகின்றன. இவை யாவும் யந்திர யுகத்தில் தோன்றிய புதிய கலைகள் என்று கருதுவோர் பலர். ஆனால், நூற்றுக்கணக்கான பணியாளர்களை ஓரிடத்தில் திரட்டி, அவர்கள் அனைவரையும் ஒரே நோக்கத்தில் நிலைநிறுத்த வேண்டிய பிரச்சினை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே காவிரிப் படுகையின் கோயில்களுக்கு ஏற்பட்டிருந்தது. அதற்கு அவை கண்ட விடைகளும் கல்லிலும் செம்பிலும் நம் கண்முன் நிற்கின்றன. அவ்விடைகளுக்கெல்லாம் அடிப்படையாக இருந்தது ஒரே தத்துவம்: கடமையைச் சொல்லுமிடத்திலேயே அக்கடமையைச் செய்பவனுக்குரிய பங்கையும் சொல்லிவிட வேண்டும் என்பதே அது.

பன்னிரண்டு திருப்பெயர்களைத் தாங்கிய சீர்காழி, ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அவதரித்த தலம். பிரம தீர்த்தக் கரையில் அழுத குழந்தைக்கு அம்மை ஞானப்பால் ஊட்டினாள் என்பது சைவ உலகம் போற்றும் வரலாறு. அவர் பதிகம் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் அதனை இசைத்துக்கொண்டு உடன் சென்றார் என்பர். தலந்தோறும் நடந்து பாடிய ஒருவரின் பாட்டு, அவருக்குப் பின் தலந்தோறும் பாடப்படவேண்டுமானால், பக்தி மாத்திரம் போதாது. பாடுவதையே தொழிலாகக் கொண்டவரும், அவருக்கு ஜீவனோபாயமும் வேண்டும். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் சாசனம் ஒன்று, கோயிலில் நிபந்தம் பெறுகிறவர்களுள் திருப்பதியம் பாடுவாரையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் அடியாரின் பாட்டு, ஊதியமுள்ள ஓர் ஊழியமாகவும் ஆகிவிட்டது. தன்னெழுச்சியாகப் பிறந்த ஒன்று ஊழியமாக மாறும் தருணமே எந்த ஸ்தாபனத்துக்கும் ஆபத்தான தருணம். ஏனெனில், கூலி நிலைத்து உள்ளம் விலகிவிடுவது அங்கேதான் நிகழக்கூடும். சோழர் காலத்து நிர்வாகிகள் இதனை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்கள் விரிவாகக் காட்டுகின்றன.

985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன், தான் எடுப்பித்த கோயிலுக்குத் தானும், தன் தமக்கையாரும், தன் தேவியரும், பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டும்படி ஆணையிட்டான். இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அரசனுடைய பொற்பாத்திரங்களும் மணிகள் இழைத்த அணிகலன்களும் எந்தக் கோயிலின் கல்லில் எழுதப்பட்டனவோ, அதே கோயிலின் கல்லிலேயே உடுக்கை வாசிப்பவனுடைய நெல்லளவும் எழுதப்பட்டது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நியமிக்கப்பட்ட பிடாரர் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவருமாக ஐம்பதின்மருக்கு, நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் பண்டாரத்திலிருந்து வழங்க ஏற்பாடாயிற்று. பன்னிரண்டு குறுணி ஒரு கலமாகையால், ஆண்டுக்கு ஒவ்வொருவரும் பெற்றது தொண்ணூறு கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல். அந்த ஐம்பதின்மரும் வெறுந்தொகையாக எண்ணப்படவில்லை. அவரவர் பெயர், தீட்சைப் பெயருடன், வரிசையாகப் பொறிக்கப்பட்டது. எதைப் பாட வேண்டும், எதற்காகப் பாட வேண்டும், அதற்கு என்ன பெறுவோம் என்ற மூன்றும் பிரித்தற்கரிய ஒரே வாக்கியமாக ஊழியனுக்குக் கிடைத்தன.

கோயிலில் ஆடற்பணி புரிந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பற்றிய சாசனம் இதனினும் நுட்பமானது. திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் முதலிய பல ஊர்க் கோயில்களிலிருந்து அவர்கள் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இன்ன சேரியில், இன்ன சிறகில், இத்தனையாவது வீடு, முன்பு இன்ன தளியில் இருந்தவள், இன்ன பெயருடையாள் என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கிறாள். ஒரு வீடும், நூறு கலம் நெல் விளைவுடைய ஒரு வேலி நிலமும் ஒருத்திக்கு ஒரு பங்கு. பங்கு பெற்றவர் இறந்தாலும் வேறிடம் போனாலும், அவருக்கு அடுத்த முறையில் உள்ளவர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறவேண்டும். அவர் அதற்குத் தகுதியில்லாதவராயின், தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். அதற்கும் வழியில்லையேல், அத்தொழிலில் உள்ளவர்களே தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரம்பரை உரிமையை ஒப்புக்கொண்ட அதே சாசனம், தகுதியை அதற்கு மேலாக வைத்தது என்பதையும், தகுதி இன்னதென்று முடிவுசெய்யும் அதிகாரத்தைத் தொழிலறிந்தவர்களிடமே விட்டது என்பதையும் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். லட்சியத்தைக் காக்கும் பொறுப்பில் ஊழியனுக்கும் இடமளித்தாலன்றி லட்சியம் அவனுடையதாகாது என்ற உண்மை அந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது.

எழுத்தோடு மட்டும் அவர்கள் நின்றுவிடவில்லை. கோயிலில் நெல்லளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்பது பெயர். பொன்னை நிறுத்த கல்லுக்கும் அதே பெயர். மணிகளை நிறுத்த கல்லுக்குத் தக்ஷிணமேருவிடங்கன் என்பது பெயர். எந்தக் கூத்தப் பெருமானுக்காக அந்தப் பண்டாரம் நடந்ததோ, அவன் திருநாமத்தைச் சொல்லியே ஒவ்வொரு படியும் அளக்கப்பட்டது. அளவில் வஞ்சனை செய்வது இறைவன் பெயராலேயே வஞ்சனை செய்வதாகும் என்பதைத் தனியே உபதேசிக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. அந்த உபதேசம் கையிலிருந்த கருவியிலேயே இருந்தது. கோயிலை எடுத்த பெருந்தச்சனான குஞ்சரமல்லனுக்கு ராஜராஜன் என்னும் தன் பெயரையே பட்டமாக முன்வைத்து, ராஜராஜப் பெருந்தச்சன் என்று அரசன் சிறப்பித்தான். நாவிதனுக்கும் ராஜராஜப் பெருநாவிசன் என்ற பட்டம் கிடைத்தது. தச்சனும் நாவிதனும் தம் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அரசனுடைய பெயரையும் சேர்த்தே சொன்னார்கள். கௌரவம் மேலிருந்து கீழே வந்து நிற்கும் இடங்கள் எவையென்று ஒரு ஸ்தாபனத்தைக் கவனித்தால், அது எவற்றை உண்மையாக மதிக்கிறது என்பது விளங்கிவிடும்.

இனி, விழாக்கள். இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில், தஞ்சைக் கோயிலின் வைகாசிப் பெருந்திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காக, விஜயராஜேந்திர ஆசாரியன் என்னும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் நூற்றிருபது கலம் நெல் நிபந்தமாக அளிக்கப்பட்டது. கோயில் எழும்பி அரை நூற்றாண்டு ஆகும் தறுவாயில், அதைக் கட்டியதைக் கண்ணாரக் கண்டவர்கள் குறைந்து வரும் வேளையில், கோயிலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒரு நாடகத்தை ஆண்டுதோறும் மேடையேற்ற ஏற்பாடு செய்தமை தற்செயலான காரியமாக எனக்குத் தோன்றவில்லை. சீர்காழியில் சித்திரை மாதத்தில் இன்றும் நடைபெறும் திருமுலைப்பால் உற்சவத்துக்கும் இத்தகைய பயன் உண்டு. ஓதுவார் எந்தப் பாட்டைப் பாடுகிறாரோ, அந்தப் பாட்டுப் பிறந்த கதையை, அது பிறந்த குளக்கரையிலேயே, ஊரார் அனைவரும் கூடிநின்று ஆண்டுதோறும் மீண்டும் காண்கிறார்கள். பாடுகிறவருக்குத் தம் தொழிலின் மூலத்தை நினைவூட்ட இதனினும் சிறந்த சாதனம் வேறில்லை.

சொல்லைச் சொல்லியவாறே காப்பதும் ஒரு பெரும் பொறுப்பு. தில்லையில் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகளைச் செல்லரித்த நிலையில் ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்றும், மறைந்துபோன பண்முறையை, யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு மீண்டும் வகுத்தார்கள் என்றும் சைவ மரபு கூறும். அந்த அனுபவம் கற்பித்த பாடம் வீண்போகவில்லை. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனான நரலோகவீரன், தில்லையில் தேவாரத்தைச் செப்பேடுகளில் எழுதுவித்தான் என்று சாசனம் கூறுகிறது. சோழர் காலத்துக் கோயில்களில் திருக்கைக்கோட்டி என்னும் மண்டபங்கள் திருமுறை ஓதுவதற்கும் திருமுறை ஏடுகளைப் பேணுவதற்கும் அமைந்திருந்தன. சீர்காழியிலும் அத்தகைய மண்டபம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வசதியான பாடத்தைப் பாடிக்கொண்டு போகாதபடி, எல்லோரும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருந்திக்கொள்ளத்தக்க மூலம் ஒன்று கோயிலுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த சீர்காழிச் செப்பேடுகளும் அவ்வெண்ணத்தின் வழிவந்தவையே.

இவ்வளவு சிறப்புக்களையும் கூறிய பிறகு, இந்த ஏற்பாட்டின் எல்லையையும் கூறாவிடில் சரித்திரத்துக்குத் துரோகம் செய்தவர்களாவோம். கோயில் நிலங்களில் இறையிலியாக விடப்பட்ட பகுதிகளை எண்ணும்போது, தீண்டாச்சேரியும் பறைச்சேரியும் அதே ராஜராஜனின் சாசனங்களில் குறிக்கப்படுகின்றன. பிடாரருக்கு முக்குறுணி நெல் அளந்த ஆடவல்லான் மரக்காலுக்கு நெல்லைச் சேற்றில் நின்று விளைவித்தவர்களில் பலருக்கு, அந்தக் கோயிலின் வாயில் அடைத்தே கிடந்தது. அவர்களிடம் ஸ்தாபனம் உழைப்பை வாங்கிற்று. தன் லட்சியத்தைச் சொல்லவுமில்லை, பங்கைக் கல்லில் எழுதவுமில்லை. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, வைத்தியநாதையரின் முயற்சியால் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஹரிஜனங்கள் பிரவேசித்தார்கள். அதன் பின்னரே சட்டங்கள் பிறந்து, தமிழகத்துக் கோயில்களின் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. தளிச்சேரிப் பெண்டுகளின் வழிமுறையில் நின்ற தேவதாசி முறையோ, பங்கும் மானமும் தேய்ந்து துன்பம் மாத்திரம் எஞ்சிய நிலையில், 1947ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பங்கு மறைந்த இடத்தில் கடமையை மட்டும் வற்புறுத்தும் எந்த முறையும் அடிமைத்தனமாகவே முடியும் என்பதற்கு இதைக் காட்டிலும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில், வேறொரு வகை ஸ்தாபனம் இந்த நெல்வயல்களின் நடுவே வந்து சேர்ந்தது. சிதம்பரத்தையும் சீர்காழியையும் மாயவரத்தையும் இணைத்துச் சென்ற தென்னிந்திய ரயில்வே கம்பெனி, மணிக்கும் கொடிக்கும் கட்டுப்பட்டு நடக்கும் ஆயிரக்கணக்கான ஊழியர்களைப் படைத்தது. காலந்தவறாமையையும் கட்டுப்பாட்டையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் 1928ஆம் ஆண்டில், நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய இடங்களிலிருந்த தொழிற்சாலைகளின் வேலைகளைத் திருச்சிக்கு அருகே பொன்மலையில் ஒருங்கு சேர்த்தபோது, ஆட்குறைப்பு வந்தது. யார் இருப்பது, யார் போவது என்பதை நிர்ணயிக்கக் கம்பெனி தொழில் திறமைப் பரீட்சை நடத்த முற்பட்டது. தளிச்சேரிச் சாசனம் தகுதியை அளக்கும் உரிமையைத் தொழிலாளிகளிடமே விட்டது. கம்பெனியோ அதே தகுதியை அவர்களை விலக்கும் கருவியாக்கிற்று. ஜூலை மாதத்தில் மூண்ட வேலைநிறுத்தம் தென்னாட்டின் இருப்புப்பாதைகளை ஸ்தம்பிக்கச் செய்து சுமார் பத்து நாட்களில் அடக்கப்பட்டது. தொழிலாளர் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைப்பட்டார்கள். விதிகளை எவ்வளவு ஒழுங்காக அச்சிட்டு வழங்கினாலும், ஊழியனின் நாளைய கதியைப் பற்றி அவனோடு பேச மறுக்கும் ஸ்தாபனத்தின் மற்றப் பேச்சுக்கள் எல்லாம் அவன் செவியில் ஏறுவதில்லை.

கோயில்களிலும் அதே விதி செயற்பட்டது. நிலவருமானம் குத்தகைப் பாக்கியில் கரைந்து, ஓதுவாருக்கு வரவேண்டிய நெல் குறைந்த இடங்களில், பதிகம் ஒலித்த வேளை மௌனமாயிற்று. சீர்காழிக் கோயிலை நிர்வகித்துவரும் தருமபுர ஆதீனத்தைப் போன்ற மடங்கள், மாணவர்க்கு உணவும் உறையுளும் அளித்துத் தேவாரம் பயிற்றுவித்த இடங்களில் பண்முறை பிழைத்தது. இக்காலத்தில் பெண்களும் ஓதுவார்களாக நியமிக்கப்பட்டு வருகிறார்கள். இறைவனைப் பாடும் தொண்டு ஒரு குலத்தாரின் காணியாக இல்லாமல், பயின்றவரின் உரிமையாக மலர்வது கண்டு மகிழாதார் இரார்.

ஆகவே, தங்கள் ஊழியர் தங்கள் லட்சியத்தை ஏற்கவேண்டுமென்று விரும்பும் இக்கால நிறுவனத் தலைவர்களுக்குக் காவிரி நாட்டுச் சரித்திரம் கூறுவது இதுவே. அழகிய வாக்கியங்களை எழுதுவதற்கு முன், அதே பலகையில் ஊழியனின் பெயரையும், அவன் பெறும் ஊதியத்தின் முறையையும், அவன் உயர்வதற்கும் விலக்கப்படுவதற்கும் உரிய நியாயத்தையும் எழுத முடியுமா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கருவிகளிலும் அளவுகளிலும் உங்கள் லட்சியம் இருக்கட்டும். விழாவில் ஸ்தாபகரின் பெருமை பேசப்படும்போது கடைசி ஊழியனின் உழைப்பும் பேசப்படட்டும். எவரது உழைப்பை வாங்குகிறீர்களோ அவர்களில் ஒருவரையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தாதீர்கள்; ஆயிரம் ஆண்டு நிலைத்த கோயிலுக்கே அது ஆறாத களங்கமாயிற்று. இவற்றைச் செய்யும் ஸ்தாபனம் தன் கொள்கையை உரக்கக் கூவ வேண்டியதில்லை. அதன் ஊழியர்களே அதனைத் தம் சொந்தச் சொல்லாகச் சொல்லுவார்கள்.