முப்பத்தெட்டுப் பேருடன் ஒரு தனிப் பயணம்

முதுமலைக்கு ஏழு நாள், தனியாகப் போய்வருவது என்று முடிவு செய்திருக்கிறேன். "இந்த வயசில் தனியாகவா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிக்கொண்டு பழைய புத்தகங்களைப் புரட்டப் போய், இதே பயணத்தை நமக்கு முன்னால் யார் யார் எப்படித் திட்டமிட்டார்கள் என்ற கதையில் மாட்டிக்கொண்டேன். பெட்டி இன்னும் கட்டியபாடில்லை, கட்டுரை மட்டும் தயார்.

பூந்தமல்லியில் பேருந்து நிலையம் பக்கம் போகிறவர்களுக்கு 'ட்ரங்க் ரோடு' என்ற பெயர் தெரியும். சென்னையிலிருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், ஆற்காடு, வேலூர் வழியாகப் பெங்களூர் போகும் பழைய மேற்குப் பெருஞ்சாலையின் மிச்சம் அது. 19-ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லி ராணுவத்தின் முக்கியமான தங்குமிடம். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களை முதலில் இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கும் இந்தத் திசைதான். பெங்களூர், மைசூர் போய், அங்கிருந்து காட்டைக் கடந்து மலையேற வேண்டும்.

அப்படிப் போனவர்களில் பெரிய பெயர் மெக்காலே. நம் எல்லோரையும் இங்கிலீஷ் படிக்க வைத்தாரே, அவரேதான். 1834 ஜூன் 10-ஆம் தேதி சென்னையில் கரையிறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு உடல்நலத்துக்காக ஊட்டியில் இருந்ததால், அங்கே வந்து பார்க்கச் சொல்லி ஆள் வந்தது. ஜூன் 17-ஆம் தேதி மாலை புறப்பட்டார். சுமார் 400 மைல், அதாவது 640 கிலோமீட்டர், முழுக்க மனிதத் தோள்களின் மேல். அவர் ஒரு பல்லக்கில், அவருடைய வேலைக்காரர் இன்னொரு பல்லக்கில். கூட வந்த பரிவாரம் எத்தனை பேர் என்பதை அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்: முப்பத்தெட்டு.

கல்யாணம் ஆகாத மனிதர், கூட வந்த தங்கையையும் வேறு வழியாகக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார். ஆகவே அவர் கணக்கில் இது தனிப் பயணம். அவரைச் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அந்த வேலைக்காரர் கத்தோலிக்கர் என்பதும், புறப்படும்போது சிலுவை போட்டுக்கொண்டு தன் புனிதரிடம் பயணத்தை ஒப்படைத்ததும் வேடிக்கைச் செய்தியாகப் பதிவாகியிருக்கிறது. சுமந்தவர்களுக்கு அந்த வேடிக்கையில்கூட இடமில்லை. ஜூன் மாதம் ஆற்காட்டு வெயிலில் நடந்து, மலையில் தென்மேற்குப் பருவமழையில் ஏறியவர்கள் அவர்கள். ஊட்டியில் மெக்காலேயைப் பிடித்துவைத்ததும் அந்த மழைதான். வெளியே தலைகாட்ட முடியாமல் புத்தகம் படித்தே பொழுதைக் கழித்தார்.

அந்தக் காலத்தில் பல்லக்குப் பயணத்துக்குத் திட்டமிடுவது சாதாரண வேலையில்லை. பாதையில் இடத்துக்கு இடம் தூக்குகிறவர்கள் மாற்றாள் தயாராக இருக்க வேண்டும். அதற்குத் தபால் இலாகாவுக்கு முன்கூட்டியே எழுதி, பணம் கட்டி, தேதி குறிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் எல்லாம் தவறும். நம் ரிசர்வேஷன், வெயிட்டிங் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் தாத்தா அது.

ரயில் வந்ததும் கதை மாறியது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. அது நம் ஆவடி, திருவள்ளூர் வழியாகத்தான் போகிறது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை தண்டவாளம் போயிற்று. 1899-இல் குன்னூர், 1908-இல் ஊட்டி. ட்ரங்க் ரோட்டின் பெருமை போய், பூந்தமல்லி ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. அதே காலத்தில் ரயில் பாதையில் இருந்த அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் யோகம் அடித்தது என்று நினைக்கிறேன்.

இத்தனை பேரும் மைசூர் வழியில் காட்டை அவசரமாகத்தான் கடந்தார்கள். குண்டலுப்பேட்டைக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் இருக்கும் இன்றைய பந்திப்பூர், முதுமலைக் காடுதான் அது. அங்கே ஏழு நாள் தங்க யாரும் திட்டம் போடவில்லை. காரணம் புலியோ யானையோ அல்ல, காய்ச்சல். காட்டின் கெட்ட காற்றால் வருகிறது என்று அப்போது நம்பினார்கள். 1860-களில் நீலகிரியில் சிங்கோனா மரம் நட்டு, பட்டையிலிருந்து கொய்னா எடுக்கத் தொடங்கியது இதற்காகத்தான். கூடலூருக்கு மேலே நடுவட்டத்தில் அந்தத் தோட்டங்களில் சீனக் கைதிகளைக்கூட வேலை வாங்கியிருக்கிறார்கள்.

இந்தக் காய்ச்சல் விஷயத்தில் முதுமலைப் பக்கத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பலருக்குத் தெரியாது. 1897-இல் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர் லீவு போட்டுவிட்டு ஊட்டிக்கு வந்தார். எல்லோரும் குளிருக்கு ஊட்டியில் உட்கார, அவர் மலேரியாவைத் தேடி மலைக்குக் கீழே சீகூர் பக்கம் இறங்கினார். சில நாட்களில் அவருக்கே மலேரியா வந்துவிட்டது! அங்கே இறக்கையில் புள்ளி உள்ள ஒருவகைக் கொசு சுவரில் உட்காரும் விதத்தையும் கவனித்து வைத்தார். அதே வருடம் ஆகஸ்ட் 20-ஆம் தேதி, செகந்திராபாத்தில், அதே மாதிரிப் புள்ளி இறக்கைக் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-இல் நோபல் பரிசு. லீவில் வேலை பார்த்து இவ்வளவு சாதித்த அரசு ஊழியர் வேறு யாரும் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சல்தான் அந்தக் காட்டைக் காத்தது என்றும் சொல்லலாம். வெளியாட்கள் வரப் பயந்தார்கள். குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் போன்றவர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். காட்டை நிலம்பூர் திருமுல்பாட்டிடமிருந்து ஆங்கில அரசு மரத்துக்காகக் குத்தகைக்கு எடுத்தது. தேக்கை இழுக்க யானைகள். தெப்பக்காடு யானை முகாமின் வேர் அந்த மரவேலையில்தான் இருக்கிறது. இன்று 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படத்தால் பொம்மனும் பெள்ளியும் உலகத்துக்கே தெரிந்தவர்கள். சுமந்தவர்கள் பெயர் வெளியே வர எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

அனுமதிச் சீட்டும் புதிதல்ல. 1879-இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குமேல் துப்பாக்கியோடு வருகிறவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், பருவம் பார்க்க வேண்டும். 1940-இல் சுமார் 62 சதுர கிலோமீட்டர் சரணாலயமாயிற்று. பிறகு விரிந்து விரிந்து 321 சதுர கிலோமீட்டர். நடுப்பகுதி தேசியப் பூங்கா, 2007-இல் மொத்தமும் புலிகள் காப்பகம்.

இங்கே துப்பாக்கி இல்லாமல் நாள்கணக்கில் தங்கிய ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னைவாசி. கறுப்பு வெள்ளை கேமராவோடு யானைகளையும் காட்டெருமைகளையும் பின்தொடர்ந்தவர். 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி விடாமல் எழுதினார். தமிழிலும் எழுதினார், தியடோர் பாஸ்கரன் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார். புலி தெரிந்ததா, தெரியவில்லையா என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரும்புகிற நாம் அவரிடம் கற்க வேண்டியது, ஒரே இடத்தில் பொறுமையாக உட்காருவது. என் ஏழு நாள் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது என் திட்டத்துக்கு வருகிறேன். போகும்போது மெக்காலே வழி: காவேரி எக்ஸ்பிரஸில் மைசூர், அங்கிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக ஊட்டி போகும் பஸ்ஸில் ஏறித் தெப்பக்காட்டில் இறங்குவது. சுமார் 90 கிலோமீட்டர். பகலில்தான் போக வேண்டும். இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலையில் போக்குவரத்துத் தடை 2009-இலிருந்து இருக்கிறது. பஸ்ஸில் போகிறவனுக்கு ஈ-பாஸ் தொல்லை இல்லை. சொந்தக் காரில் நீலகிரிக்குப் போகிறவர்கள் 2024 மே முதல் அதை எடுத்தாக வேண்டும்.

தங்குவதற்கு வனத்துறை அறைதான். தனியார் விடுதிகள் மசினகுடி, சீகூர் பக்கம் நிறைய உண்டு. ஆனால் யானை வழித்தடத்தில் கட்டியவை பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தமிழக அரசின் அறிவிப்பைச் சரி என்று சொல்லிவிட்டது. வழித்தடத்தில் உள்ளதா, இல்லையா என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. யானை நடக்கிற வழியில் கட்டில் போட்டுப் படுக்க மனமும் இல்லை.

தனியாளுக்கு ஒரு சௌகரியம், வனத்துறை வேனில் ஒரு சீட்டு வாங்கினால் போதும்; ஜீப் முழுசுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு அசௌகரியம், காட்டுக்குள் கால் வைத்து நடக்க அனுமதி கிடையாது. மற்ற நேரத்தில் மாயாற்றங்கரை முகாமில் காலையும் மாலையும் யானைகளுக்குக் கவளம் கொடுப்பதைப் பார்க்கலாம், சாலையோரம் மான்கள், கிருஷ்ணனுடைய புத்தகம்.

எந்த மாதம் என்பதில்தான் குழப்பம். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து விலங்குகள் நன்றாகத் தெரியும். ஆனால் காட்டுத்தீப் பயத்தில் சுற்றுலாவை நிறுத்திவிடுவது உண்டு. ஜூன், ஜூலை மெக்காலே மழை. ஐப்பசி மழையில் மலை ரயில் பாதையில் மண் சரியும். திரும்பும்போது ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அந்த ரயிலில் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஆசை. ஆகவே ஜனவரி, பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு.

கைப்பை ஒன்று, தோள்பை ஒன்று. தூக்க நான் ஒருவன்தான் என்பதால் பைனாகுலரா, ஸ்வெட்டரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரை டப்பா மட்டும் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.