சோவியத் லென்ஸ்களின் நீண்ட ஆயுள்

ஒரு தேசம் தோன்றி, வளர்ந்து, மறைந்துபோகும்போது, அதன் தொழிற்சாலைகளில் உருவான யந்திரங்களும் உபகரணங்களும் அதனுடனேயே வழக்கொழிந்து, சில பொருட்காட்சிசாலைக்கும் எஞ்சியவை பழைய இரும்புக் கடைக்கும் போய்ச் சேர்வதே உலக இயல்பு. 1991-ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் யூனியன் கலைந்தபோது அதன் காமிராக்களுக்கு நேர்ந்த கதியும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அந்தக் காமிராக்களுக்கென்று கடைந்தெடுத்த கண்ணாடிகளுக்கு, அவற்றுள்ளும் சிறப்பாகத் தூரத்துப் பொருளை அண்மையில் கொணர்ந்து காட்டும் டெலிபோட்டோ லென்ஸ்களுக்கு, அந்தக் கதி நேரவில்லை. டாயிர் என்றும் ஜூபிடர் என்றும் எம்.டி.ஓ. என்றும் பெயர் தாங்கிய அந்தக் கனத்த உலோகக் குழாய்கள், தம்மைச் சிருஷ்டித்தவர்கள் கனவிலும் கண்டிராத ஜப்பானியக் காமிராக்களின் முகத்தில் ஏறிக்கொண்டு, ஃபிலிம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட மின்னணுச் சென்சாரின்மேல் இன்றைக்கும் பிம்பம் விழச் செய்கின்றன. இதற்குக் காரணம் கண்ணாடியின் மேன்மை மட்டும் அன்று. கண்ணாடியைச் சுற்றி எதையெல்லாம் சேர்க்காமல் விட்டார்கள் என்பதும் ஒரு முக்கியமான காரணம் என்பது அவற்றின் சரித்திரத்தைப் பார்த்தால் விளங்கும்.

ஜார் காலத்து ரஷ்யாவுக்கு ஒளியியல் கண்ணாடி விஷயத்தில் பெரும்பாலும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையே இருந்தது. ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்துகொண்டிருந்த கண்ணாடிக்கு 1914-ஆம் ஆண்டு யுத்தம் பெரும் தடையாக அமைந்தது. பீரங்கிக்கு இலக்குக் காட்டும் கருவிகளும் இருகண் தூரதர்சனிகளும் இல்லாமல் யுத்தம் நடத்த இயலாது என்பதை உணர்ந்த அரசாங்கம், தலைநகரான பெட்ரோகிராடில் இருந்த ராஜாங்கப் பீங்கான் தொழிற்சாலையிலேயே கண்ணாடி உருக்கும் பரீட்சைகளைத் தொடங்கிற்று. புரட்சிக்குப் பின், உள்நாட்டுப் போரும் பஞ்சமும் ஒருங்கே வாட்டிய 1918-ஆம் ஆண்டு டிசம்பரில், பௌதிக அறிஞர் திமித்ரி ரோஷ்தெஸ்த்வென்ஸ்கியின் முயற்சியால் அதே நகரில் அரசாங்க ஒளியியல் ஆராய்ச்சி நிலையம் உதயமாயிற்று. கண்ணாடியின் ரசாயனம், லென்ஸின் கணிதம், மெருகேற்றும் தொழில்நுட்பம் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததே அந்த ஸ்தாபனத்தின் சிறப்பு; பின்னாளில் சோவியத் நாட்டில் வெளிவந்த புகழ்பெற்ற லென்ஸ்களில் பலவற்றின் கணக்குகள் அங்கேதான் போடப்பட்டன.

இரண்டாம் உலக யுத்தம் அந்த லென்ஸ் செய்யும் கலைக்கு இரண்டு வழிகளில் உதவிற்று. முதலாவது வழி, தோற்றுப்போன ஜெர்மனியிலிருந்து வந்த நஷ்டஈடு. யேனா நகரத்தின் கார்ல் ஸைஸ் தொழிற்சாலை சோவியத் படைகளின் ஆதிக்கத்துக்கு உட்பட்ட பகுதியில் சிக்கியதால், அங்கிருந்த யந்திரங்களும் வரைபடங்களும் கண்ணாடிக் கையிருப்பும் கிழக்கு நோக்கிப் பயணம் செய்தன. கான்டாக்ஸ் காமிராவைச் செய்யும் சாதனங்கள் கீவ் நகரத்து ஆர்சனல் தொழிற்சாலைக்குப் போக, லுட்விக் பெர்டலே என்னும் நிபுணர் முப்பதுகளில் வகுத்த ஸொன்னார் லென்ஸ்களின் அமைப்பு மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையின் கைக்கு வந்தது. தொடக்கத்தில் ஜெர்மானியக் கண்ணாடியைக் கொண்டே செய்யப்பட்ட இந்த லென்ஸ்கள், நாற்பதுகளின் இறுதியில் சோவியத் கண்ணாடிக்கு ஏற்றவாறு மறுபடி கணக்கிடப்பெற்று, ஜூபிடர் என்னும் வரிசையில் இடம்பெற்றன. 85 மில்லிமீட்டர் ஜூபிடர்-9, 135 மில்லிமீட்டர் ஜூபிடர்-11 ஆகியவையும், 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்கென்று ஸைஸ் தயாரித்த 180 மில்லிமீட்டர் லென்ஸின் வாரிசான ஜூபிடர்-6 என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது வழி கடன் வாங்காதது. அது ரயில் பிரயாணத்தில் பிறந்தது. 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டில், லெனின்கிராட் எனப் பெயர் மாறியிருந்த பெட்ரோகிராடை ஜெர்மன் படைகள் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், ஒளியியல் நிலையத்தின் விஞ்ஞானிகள் வோல்கா நதிப் பிரதேசத்திலுள்ள யோஷ்கார்-ஓலா நகரத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர் திமித்ரி மக்சுதோவ். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கையாளுவதற்கேற்ற மலிவான தூரதர்சனி ஒன்றைப் பற்றி அவர் அந்த ரயிலில் சிந்தித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருக்கும் ஆடியைத் தூசியும் ஈரமும் தீண்டாதபடி குழாயின் வாயைக் கண்ணாடித் தகட்டால் மூடிவிடலாம் என்பது முதல் எண்ணம். அந்தத் தகட்டைத் தட்டையாக வைப்பதற்குப் பதிலாகப் பிறைபோல் வளைத்துவிட்டால், கோள வடிவமான ஆடிக்கு இயற்கையிலேயே உள்ள பிழையை அந்த வளைவே திருத்திவிடும் என்பது அடுத்த எண்ணம். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே முதல் மாதிரியும் உருவாகிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஹாலந்தில் பௌவெர்ஸ் என்பவரும் இதையொத்த யுக்தியைக் கண்டறிந்தார் என்றாலும், யுத்தத்தின் காரணமாக ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

மக்சுதோவின் யுக்தி எவ்வளவு அருமையானது என்பதைக் கண்ணாடி அறுத்து மெருகேற்றும் தொழிலாளியே நன்கு அறிவான். முன்னரே பெர்ன்ஹார்ட் ஷ்மிட் கண்டுபிடித்திருந்த அமைப்பில் தகட்டின் வளைவு கோளத்திலிருந்து விலகியது. அதைத் தேய்த்தெடுக்க அபூர்வமான கைத்திறன் வேண்டும். மக்சுதோவின் அமைப்பிலோ எல்லாப் பரப்புகளும் கோளப் பரப்புகள். சாதாரணப் பட்டறையில் வரிசை வரிசையாக உற்பத்தி செய்யத்தக்கவை. பிறைக் கண்ணாடியின் வழியே நுழையும் ஒளி, பின்புறத்து ஆடியில் மோதித் திரும்பி, பிறையின் நடுவிலே ரசம்போல் பூசிய சிறு வட்டத்தில் மறுபடி மோதி, பெரிய ஆடியின் மையத் துவாரத்தின் வழியாக ஃபிலிமை அடைகிறது. இவ்வாறு ஒளியின் பாதை மடிந்து செல்வதால், 500 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள எம்.டி.ஓ-500 அரை மீட்டர் நீளம் இல்லாமலே அமைந்தது. 1000 மில்லிமீட்டர் எம்.டி.ஓ-1000 என்பதும் ஒரு மனிதர் தூக்கிச் செல்லக்கூடிய அளவில் அடங்கிற்று. 1958-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இவ்விரு லென்ஸ்களும் மாபெரும் பரிசைப் பெற்றன. பிற்காலத்தில் மாஸ்கோவை அடுத்த லித்காரினோ தொழிற்சாலை இந்த ஆடி லென்ஸ் மரபைத் தொடர்ந்து ரூபினார் வரிசையை வெளியிட்டது. காக்கசஸ் மலைப் பகுதியின் வானாராய்ச்சி நிலையத்திலே நிற்கும் 6 மீட்டர் தூரதர்சனியின் ஆடியைச் செய்ததும் அதே தொழிற்சாலைதான்.

டாயிர் வரிசையின் வரலாறும் யுத்தத்தோடு பின்னியது. டேவிட் வோலோசோவ் தலைமையில் ஒளியியல் நிலையத்தில் வகுக்கப்பட்ட இந்த லென்ஸ்களுள் 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஃபெட் காமிராவோடும் துப்பாக்கிக் கட்டையோடும் சேர்க்கப்பட்டு, எதிரியின் நிலைகளைத் தூரத்திலிருந்தே படம்பிடிக்கும் வேவுக் கருவியாயிற்று. சமாதான காலத்தில் அந்த எண்ணமே உருமாறி, 1965-ஆம் ஆண்டு முதல் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையின் போட்டோஸ்னைப்பர் என்னும் விசித்திரமான சாதனமாகப் பொதுமக்களை அடைந்தது.

அந்தச் சாதனத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். உலோகப் பெட்டியைத் திறந்தால், ஜெனிட் காமிரா, டாயிர்-3 லென்ஸ், சாதாரணக் காட்சிகளுக்கான ஹீலியோஸ் லென்ஸ், வண்ண வடிகட்டிகள், ஃபிலிம் சுருள் கூடுகள், திருப்புளிகள் எல்லாம் தத்தம் குழிகளில் அமர்ந்திருக்கும். தோளில் ஊன்றும் கட்டையையும் பிடியையும் பூட்டிக்கொண்டு, லென்ஸின் அடியிலுள்ள பெரிய குமிழை இடக்கையால் திருகி ஃபோகஸ் செய்யவேண்டும். படம் எடுக்குமுன், ஒளி நுழையும் துவாரமான அபெர்ச்சரை முழுதும் திறந்து விசையேற்றி வைத்தால் காட்சி பிரகாசமாகத் தெரியும். பிடியிலுள்ள குதிரையை வலக்கை விரல் இழுத்ததும், அபெர்ச்சர் முன்பே குறித்த அளவுக்குச் சுருங்க, அதன்பின் காமிராவின் அடிப்புறத்திலுள்ள பொத்தானை ஒரு நெம்புகோல் அழுத்தி ஷட்டரை விடுவிக்கும். மின்சாரம் என்பது இந்த வேலையில் எங்குமே இல்லை. பறவைகளையும் மிருகங்களையும் நாடிப் போனவர்களுக்கு இது உற்ற துணையாயிற்று. 1980-ஆம் ஆண்டு சோவியத் கார்ட்டூன் படமொன்றில் ஷாரிக் என்னும் நாய்கூட வேட்டையை விட்டு இத்தகைய போட்டோத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முயலைத் துரத்துகிறது என்றால், அந்நாட்டு ஜனங்களுக்கு அது எவ்வளவு பரிச்சயமான பொருளாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இனி, இந்த லென்ஸ்களைக் காமிராவோடு இணைத்த மரையைக் கவனிப்போம். 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்42 மரையை 1949-ஆம் ஆண்டு டிரெஸ்டன் நகரத்தில் வெளிவந்த கான்டாக்ஸ் எஸ், பிராக்டிகா காமிராக்கள் தோற்றுவித்தன. ஜப்பானின் பென்டாக்ஸ் 1957-இல் அதனை ஏற்றுக்கொண்டது. முதலில் 39 மில்லிமீட்டர் மரையைக் கொண்டிருந்த ஜெனிட்டும் அறுபதுகளில் எம்42-க்கு மாறிற்று. லென்ஸைத் திருகினால் பொருந்தும். எதிர்த் திசையில் திருகினால் கழலும். பழைய லென்ஸ்களில் பலவற்றுக்கு இதைத் தவிர காமிராவுடன் வேறு சம்பந்தமே கிடையாது. அபெர்ச்சர் இலைகளைத் திறப்பதும் மூடுவதும் லென்ஸின் மேலுள்ள வளையங்களின் காரியம். தூரத்தை நிர்ணயிப்பதும் அவ்வாறே. எழுபதுகளில் ஜப்பானியர் காமிராவும் லென்ஸும் நெம்புகோல்களாலும், பிறகு மின்தொடர்புகளாலும் பேசிக்கொள்ளும் ஏற்பாடுகளை அபிவிருத்தி செய்து, பென்டாக்ஸே 1975-இல் மரையைக் கைவிட்டுக் கொக்கிப் பொருத்தத்துக்கு மாறியபோது, சோவியத் லென்ஸ்கள் பின்தங்கியவையாகத் தோன்றின. அன்றைய சந்தையில் அந்த நிந்தை நியாயமானதே.

ஆனால் காலம் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. காமிராவின் நடுவே, காட்சியைப் பார்ப்பவர் கண்ணுக்குத் திருப்பும் ஆடி எழுந்து விழுவதற்கு இடம் வேண்டியிருந்ததால், எம்42 லென்ஸ் தன் இருக்கையிலிருந்து 45.46 மில்லிமீட்டர் பின்னால் பிம்பம் விழுமாறு அமைந்திருந்தது. 2008-ஆம் ஆண்டு ஒலிம்பஸும் பானசோனிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையையும், 2010-இல் சோனி தன் ஈ மவுண்ட் காமிராக்களையும் வெளியிட்டு, அந்த ஆடியை அகற்றிய மிரர்லெஸ் யுகத்தைத் தொடங்கியபோது, சோனியில் அத்தூரம் 18 மில்லிமீட்டராகக் குறைந்தது. மீதியுள்ள 27.46 மில்லிமீட்டரை நிரப்ப, உள்ளே ஒரு துண்டுக் கண்ணாடியும் இல்லாத வெற்று உலோகக் குழாய் போதும்; கடையில் அடாப்டர் என்று விற்பது அதுவே. முந்திய தலைமுறையில் கேனான் காமிராவின் 44 மில்லிமீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளையம் ஒன்று போதுமாயிருக்க, நிக்கானின் 46.5 மில்லிமீட்டர் எம்42-ஐவிட அதிகமாயிருந்ததால், தூரக் காட்சிகள் தெளிவுபடுவதற்குக் கூடுதல் கண்ணாடியின் உதவி தேவைப்பட்டது. 39 மில்லிமீட்டர் மரை வேறொரு சூட்சுமம் உடையது: ஜெனிட்டுக்கான லென்ஸுக்கு 45.2 மில்லிமீட்டரும், ஃபெட் முதலிய காமிராக்களுக்கானதற்கு 28.8 மில்லிமீட்டரும் வேண்டும். மரை ஒன்றேயானதால், ஜூபிடர்-11 வாங்குபவர் எந்த வகை என்று விசாரிக்காமல் அடாப்டர் வாங்கலாகாது.

பிரயோகத்தில் கையாளவேண்டிய முறை எளிது. லென்ஸ் இல்லாமலே ஷட்டர் இயங்கும்படி காமிராவின் அமைப்பில் அனுமதி தரவேண்டும். உள்ளேயே நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இருந்தால், 300 என்றோ 500 என்றோ குவிதூரத்தை நாமே எழுதிவைக்கவேண்டும். ஃபோகஸ் கூடிய விளிம்புகளை வர்ணக் கோடிட்டுக் காட்டும் வசதியும், காட்சியின் ஒரு பகுதியைப் பெருக்கிக் காட்டும் வசதியும், அந்நாளைய ஜெனிட்டின் மங்கலான திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்களுக்குக் கிட்டாத சௌகரியங்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் காமிராவில் சென்சார் சிறியதாகையால், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள டாயிர்-3, 600 மில்லிமீட்டர் லென்ஸுக்குரிய குறுகிய பார்வையைத் தந்துவிடுகிறது.

குணங்களோடு குறைகளையும் சொல்வதே முறை. டாயிர்-3 மூன்றே கண்ணாடிகளாலும், ஜூபிடர்-11 நான்கே கண்ணாடிகளாலும் ஆனவை. ஒளி சிதறும் பரப்புகள் குறைவாதலால் எளிய ஒற்றைப் பூச்சோடும் மதிக்கத்தக்க தெளிவைக் காட்டுகின்றன. ஜூபிடர்-9-இன் 15 இலைகளும் டாயிர்-11-இன் 20 இலைகளும் சுருங்கும்போதும் அபெர்ச்சர் ஏறக்குறைய வட்டமாகவே நிற்பதால், பின்னணியில் உள்ள ஒளிப்புள்ளிகள் முனை முறியாமல் கரைகின்றன. எம்.டி.ஓ.-விலோ நடுவிலுள்ள சிறு ஆடி மறைப்பதால் அந்தப் புள்ளிகள் வளையங்களாகத் தெரியும். அபெர்ச்சரையும் மாற்ற இயலாது. நிழலும் வெளிச்சமும் சற்றுச் சோர்ந்தே இருக்கும். எதிர்வெயிலைத் தாங்கும் சக்தி இவ்வனைத்துக்கும் குறைவு. லென்ஸின் முன்னே ஆழ்ந்த வெயில்மறைப்பு ஒன்று அவசியம். ஒரே பெயருடைய இரண்டு லென்ஸ்கள் ஒரே தரமாக இருக்கும் என்று நம்புவதும் உசிதமன்று. ஆகவே பழகியவர்கள், பெரும்பாலும் உற்பத்தி ஆண்டைக் குறிக்கும் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களையும் தொழிற்சாலையின் முத்திரையையும் பார்த்தே வாங்குகிறார்கள்.

பல பத்தாண்டுகள் உறங்கிய லென்ஸில் பழைய கிரீஸ் இறுகி, ஃபோகஸ் வளையம் அசைய மறுப்பதும் உண்டு. அப்போது அதைப் பிரிப்பவர் செய்யவேண்டிய முதற்காரியம், மரைகள் ஒன்றைவிட்டு ஒன்று கழலும் அந்தச் சரியான இடத்தைக் கூரிய முனையால் கீறிக் குறித்துக்கொள்வது. பல தொடக்கங்களையுடைய மரையாதலால், வேறிடத்தில் கோத்துவிட்டால் தூரத்துக் காட்சி ஒருபோதும் தெளியாது. குறித்துக்கொண்டவர் பழைய பசையைத் துடைத்து, புதியதை மெல்லப் பூசி, மீண்டும் பூட்டிவிடலாம். சில திருப்புளிகளும் பொறுமையும் உடையவர் எவரும் வீட்டு மேஜைமேல் இதைச் செய்துவிடமுடியும்.

பறந்து செல்லும் பறவையைத் துரத்திப் பிடிக்க வேண்டியவருக்கு இந்த லென்ஸ்கள் ஏற்றவையல்ல என்பதையும், அந்த வேலையில் தானாக ஃபோகஸ் செய்யும் இக்கால லென்ஸ்களே வெகுதூரம் முந்திநிற்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அந்த நவீன லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாலும் மின்சாரமின்றிக் கண்ணாடி நகராத வகை பல. அபெர்ச்சரும் காமிராவின் கட்டளையை எதிர்பார்த்திருப்பது. அந்தக் கட்டளையின் மொழியை அறிந்த காமிராக்கள் இல்லாமற்போகும் நாளில், உள்ளேயிருக்கும் கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாயினும் பிறர் உதவியின்றிப் பயன்படாது. சோவியத் நிபுணர்கள் அரை நூற்றாண்டுக்குப் பிந்தியவர்களை மனத்தில் வைத்து எளிமையை விரதமாகப் பூண்டவர்கள் அல்லர். தட்டுப்பாடும் அவசரமும் எளிதில் பெருக்கத்தக்க அமைப்பும்தான் அவர்களை அவ்வழியில் செலுத்தின. எனினும், பிறிதொன்றைச் சார்ந்திராத உபகரணமே துணையெல்லாம் மறைந்த பின்னும் பணிசெய்யும் என்னும் உண்மைக்கு அவர்களுடைய லென்ஸ்கள் சாட்சியாகிவிட்டன. இனி லென்ஸ் செய்பவர்கள், மின்தொடர்பு அறுந்தாலும் கையால் இயங்கும் வளையம் ஒன்றை விட்டுவைப்பார்களாயின், அந்தச் சாட்சியத்தால் பயன் விளைந்ததாகக் கொள்ளலாம்.