ஒரு சாண் வயிறும் ஒரு சாண் வெட்டும்

பித்தப்பையில் கல் என்றால் வலது விலா ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு வயிற்றைக் கிழிக்கும் பழைய வெட்டு, 1990-களின் முதல் பாதியில் லண்டன் ஆஸ்பத்திரிகளில் காலமானது. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த வெட்டு. 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கென்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியதிலிருந்து தொடங்கிய பரம்பரை அது. பாடப்புத்தகங்களில் சுவிஸ் சர்ஜன் தியோடர் கோக்கரின் பெயரைத் தாங்கி நின்றது.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். இந்த வெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. தோல், கொழுப்பு, அதன் கீழே வயிற்றுத் தசை, அதற்கும் கீழே உள்ளுறை என எல்லாவற்றையும் அறுத்துத்தான் பேரிக்காய் அளவுள்ள ஒரு பையை எட்ட முடிந்தது. ஜூனியர் டாக்டர் ஒருவர் கொக்கிபோன்ற இரும்புக் கரண்டியால் கல்லீரலைத் தூக்கிப் பிடித்தபடி கை மரத்துப்போகும்வரை நிற்பார். மயக்கம் தெளிந்த நோயாளிக்கு மூச்சை இழுத்தால் வலி. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி கட்டி நிமோனியா வரும். அதனால் பிசியோதெரபிஸ்ட் வந்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்வார். ஒரு வாரமாவது வார்டு வாசம், வீட்டுக்குப் போனபின் ஆறு வாரம் பால் வாளிகூடத் தூக்கக் கூடாது. தையல் பலவீனமான இடத்தில் பிற்பாடு குடல் பிதுங்கினால் இன்னொரு ஆபரேஷன்.

எடுத்த கல்லை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுப்பதும் வழக்கமாக இருந்தது. பார்வையாளர் நேரத்தில் ஃபிளாஸ்கில் ரசத்தோடு வரும் மாமிக்கும் சித்தப்பாவுக்கும் அதைக் குலுக்கிக் காட்டினால்தான் ஆபரேஷன் முடிந்தது என்று பொருள்.

பொதுவாகவே வயிற்று வெட்டுக்கு அந்தஸ்தும் இருந்தது. 1902 ஜூன் 26 அன்று முடிசூட்டு விழா என்று லண்டன் நகரமே தோரணம் கட்டிக் காத்திருந்தபோது, ஏழாம் எட்வர்டுக்குக் குடல்வால் பக்கம் சீழ்க்கட்டி. இரண்டு நாள் முன்பு, 24-ஆம் தேதி, பக்கிங்ஹாம் அரண்மனை அறை ஒன்றிலேயே ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் அரசரின் வயிற்றைக் கீறிச் சீழை வடித்தார். விழா ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போனது. அரசரே படுத்த மேசை என்றால் மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? பெரிய வெட்டு போடுபவரே பெரிய சர்ஜன் என்ற மிதப்பு அடுத்த எண்பது ஆண்டுக்கும் குறையவில்லை.

வெட்டைக் கொன்றவர்களில் முக்கியமானவர் டாக்டரே அல்ல. தென் லண்டன் பெர்மண்ட்ஸியின் ஏழைக் குடும்பத்தில் 1918-இல் பிறந்த ஹெரால்டு ஹாப்கின்ஸ், இம்பீரியல் கல்லூரியின் ஒளியியல்காரர். வளையும் கண்ணாடி இழைகள் வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் தன் மாணவர், பஞ்சாபைச் சேர்ந்த நரிந்தர் சிங் கபானியுடன் சேர்ந்து காட்டியவர். அடுத்து அவர் கைவைத்தது உடலுக்குள் நுழைக்கும் விறைப்பான குழாயில். பழைய குழாய் முழுக்கக் காற்று, நடுநடுவே மெல்லிய லென்ஸ்கள். வெளிச்சம் போதாது, படம் மங்கல். ஹாப்கின்ஸ் அதை அப்படியே தலைகீழாக்கினார். குழாய் முழுக்கக் கண்ணாடித் தண்டுகளை அடுக்கி, இடையிலுள்ள சிறு காற்று இடைவெளிகளையே லென்ஸாக வேலை செய்ய வைத்தார். உள்ளே இருட்டறையாக இருந்த வயிறு பளிச்சென்று தெரிந்தது. பிரிட்டிஷ் கம்பெனிகள் சீந்தவில்லை. ஜெர்மனியின் கார்ல் ஷ்டோர்ஸ் வாங்கிச் செய்து உலகுக்கே விற்றார். சொந்த ஊர்க்காரர்களின் இந்த அசட்டை எனக்கு இன்றும் புரியவில்லை.

'திறந்து பார்த்தால்தான் தெரியும்' என்று சொல்லியே போட்ட வெட்டுகளும் இருந்தன. அவற்றுக்கு எமனாக வந்தது காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன். 1971-இல் விம்பிள்டனின் அட்கின்ஸன் மார்லி ஆஸ்பத்திரியில் மூளையைப் பார்க்க வந்த கருவி, சில ஆண்டுகளில் வயிற்றையும் பார்க்கத் தொடங்கியது.

1985-இல் ஜெர்மனியின் எரிக் மூஹெ துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தபோது சக சர்ஜன்கள் மதிக்கவில்லை. 1987-இல் லியோன் நகரின் பிலிப் மூரே வீடியோ கேமராவோடு செய்தார். அதே ஆண்டு லண்டன் சிறுநீரக சர்ஜன் ஜான் விக்கம், பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளிப்படையாகவே எழுதினார்: சர்ஜன்கள் பெரிய வெட்டைக் கொண்டாடுகிறார்கள், நோயாளிகளோ சின்னக் காயத்தைத்தான் கேட்கிறார்கள், நியாயம் நோயாளிகள் பக்கமே. 2017-இல் அவர் மறைந்தபோது அது ஊரறிந்த சங்கதியாகிவிட்டிருந்தது. மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டெஹெம்டன் உத்வாடியா 1990-இலேயே துளைவழிப் பித்தப்பை ஆபரேஷனைச் செய்துவிட்டார். கோவையின் சி. பழனிவேலு தமிழ்நாட்டில் அதை வேரூன்ற வைத்தார்.

இப்போது நாலு சின்னத் துளைகள், ஒவ்வொன்றும் அரை அல்லது ஒரு சென்டிமீட்டர். தொப்புள் அருகே கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல உயர்த்துகிறார்கள். அது தீப்பிடிக்காது, மிஞ்சினால் ரத்தம் கரைத்துக்கொள்ளும். உதரவிதானம் உறுத்தப்படுவதால் வயிற்று ஆபரேஷனுக்குத் தோள்பட்டை வலிக்கும். 'தோளில் என்ன செய்தார்கள்?' என்று கேட்காதவர் குறைவு. பலர் அன்று மாலையே வீடு திரும்புகிறார்கள்.

வெட்டின் சாவு சுத்தமான சாவு அல்ல. ஆரம்ப ஆண்டுகளில் பழகாத கைகள் திரையைப் பார்த்துத் தடுமாறி, பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பித்த நாளத்தையே வெட்டிய விபத்துகள் அதிகரித்தன. விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். இன்றைய கவலை வேறு. துளை வழியாகவே பழகிய இளம் சர்ஜனுக்கு, அழற்சியில் எல்லாம் ஒட்டிக்கிடக்கும் வயிற்றைத் திறந்து கையால் தடவிப் பிரிக்கும் அனுபவம் குறைந்துவிட்டது. அந்த ஒரு திறமைக்காக மட்டும் நான் வருந்துகிறேன், தழும்புக்காக அல்ல.

உங்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்றால், ஒப்புதல் படிவத்தில் 'தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம்' என்ற வரி இருக்கும். அதைக் கண்டு மிரளாதீர்கள். பாதியில் திறப்பது தோல்வியல்ல, உயிர் காக்கும் முடிவு. திறந்து செய்த பழக்கம் எவ்வளவு இருக்கிறது என்று சர்ஜனிடம் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.