ரத்தத்தில் நுழையும் ஈஸ்ட்



தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு பிறந்தது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1984 வாக்கில் அங்கும் மும்பை, டெல்லியிலும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ‘எம்சிபி 841’ என்ற தீவிர மருந்துமுறை வந்தது. முன்பைவிடப் பலர் பிழைத்தார்கள்.

ஆனால் இத்தகைய மருந்துகள் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். அப்போது, தோலிலும் குடலிலும் சும்மா கிடக்கும் ஈஸ்ட் ரத்தத்தில் நுழையும். பாக்டீரியா மருந்துக்கு அது அடங்காது. அரிய வகையான ட்ரைக்கோஸ்போரானிடம் காஸ்போஃபஞ்சின் என்ற பூஞ்சை மருந்தும் பலிக்காது. ரத்தப் பரிசோதனையில் கிருமியை வளர்த்து இனம் கண்டால்தான் தக்க மருந்து தர முடியும்.

தாம்பரமோ பல்லாவரமோ, கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.