லொட்டே மீனும் எங்கள் அப்பாமாரும்

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஸ்டோவ்னரில் பெரியவர்களின் கதை எங்கே தொடங்கினாலும் பின்மார்க்கில்தான் போய் நிற்கும். வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹம்மர்பெஸ்ட். இருட்டு, குளிர், மீன் வெட்டும் மேசை. இளையவர்கள் நாங்கள் மெல்ல போனை எடுத்துவிடுவோம். ஆனால் அந்தக் கதைக்குள் இன்னொரு கதை இருக்கிறது. அது கடலுக்கடியில் நடந்தது.

1975இல் நோர்வே வேலைக்கு வருவோருக்குக் கதவை அடைத்தது. அதனால் எங்கள் ஆட்களில் பலர் நாட்டுப்புறத்தில் உள்ள போல்க்ஹேய்ஸ்கூலேகளுக்கு மாணவர்களாக வந்தார்கள். பிறகு வேலை கிடைத்தது வடக்கின் மீன் தொழிற்சாலைகளில். அங்கே மேசைக்கு வந்தது பெரும்பாலும் தொர்ஸ்க். தொர்ஸ்க்கின் முக்கியமான உணவு லொட்டே என்னும் சின்ன மீன். எங்கள் ஊர் நெத்தலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் பாரென்ட்ஸ் கடலில் லொட்டே ஏறக்குறைய இல்லாமற்போனது. மனிதர் அளவுக்கு மீறிப் பிடித்தது ஒரு காரணம். அப்போது பெருகியிருந்த இளம் சில்ட் மீன்கள் லொட்டேக் குஞ்சுகளைத் தின்றது இன்னொன்று. பசித்த தொர்ஸ்க் தன் குஞ்சுகளையே தின்றது. 1987இல் கடல்நாய்கள் உணவு தேடிக் கரையோரமாக இறங்கி, ஆயிரக்கணக்கில் வலைகளில் சிக்கி இறந்தன. 1989 ஏப்ரல் 18இல் கரையோரப் படகுகளின் தொர்ஸ்க் பிடிப்பு நிறுத்தப்பட்டது. மீனவர்களுக்குக் கோபம்: அந்தப் பருவத்தில் கரையோரம் முழுக்க மீன்! அடுத்த வருடம் முதல் படகுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்தார்கள். மீன் குறைந்தபோது தொழிற்சாலையில் வேலையும் குறைந்தது. எங்கள் குடும்பங்கள் தெற்கே வந்ததற்கு மீன் மட்டும் காரணம் அல்ல. பிள்ளைகளின் படிப்பு, தமிழ்ப் பள்ளி, சொந்தக்காரர் என்று பல உண்டு. ஆனாலும் லொட்டேக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இதைத் தனியாக ஓர் உயிரியலாளரால் விளக்க முடியாது, பொருளியலாளராலும் முடியாது. இதை நோர்வே முன்பே ஓரளவு உணர்ந்திருந்தது. 1972இல் தொடங்கிய நோர்வே மீன்பிடிக் கல்லூரியில், பிஷ்கரிகாண்டிடாட் என்ற ஐந்து வருடப் பட்டத்துக்கு ஒரே மாணவர் கடல் உயிரியல், தொழில்நுட்பம், பொருளியல், சட்டம், சமூகவியல் எல்லாம் படிக்கவேண்டும். 1988இல் அது ட்ரொம்சோ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, நெருக்கடி வெடிப்பதற்குச் சற்று முன்பு. அங்கே கற்பித்த சமூகவியலாளர் ஸ்வேய்ன் யென்டொப்ட் அந்த நெருக்கடியைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மீனை எண்ணினால் போதாது, கரையோர ஊர்களையும் பார்க்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அவர் சொன்ன கரையோர ஊர்களில் எங்கள் அப்பாமாரும் இருந்தார்கள். நூலகங்கள் அவர்களை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை என்பது என் மனக்குறை.

போன மாதம் எங்கள் வாலிபர் குழுவில் ஒரு தங்கை, ட்ரொம்சோவில் இதைப் படிக்க விருப்பம் என்றாள். அவளுடைய அம்மா கேட்டது: "மீன் வெட்டின கை நாறுதெண்டுதானே உன்னை டொக்டருக்குப் படி எண்டனாங்கள்?" அம்மாவின் பக்கமும் எனக்கு விளங்குகிறது. அந்தக் கைகளின் உழைப்பில்தான் நாங்கள் இங்கே வளர்ந்தோம்.

தங்கை கணக்கோடு வந்திருந்தாள். நோர்வேயும் ரஷ்யாவும் பேசி முடிவு செய்யும் தொர்ஸ்க் அளவு 2013இல் பத்து இலட்சம் தொன். 2025க்கு 3 இலட்சத்து 40 ஆயிரம். அது முடிவானபோது, 1991க்குப் பிறகு அதுதான் மிகக் குறைவாக இருந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த வருசம்போலவே?" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, 1989இல் தொழிற்சாலையில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினார். அன்று யாரும் போனை எடுக்கவில்லை.